மலைப் பயணத்துக்குத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மே விடுமுறையில் அம்மா, மனைவி, ஒன்பதாம் வகுப்பு முடித்த மகள், சின்ன மகன் எல்லோரையும் அழைத்துக்கொண்டு எங்கள் காரிலேயே ஒரு வாரம் சுற்றிவரத் திட்டம். ஊட்டி, மசினகுடி, வயநாடு, அப்புறம் அதிரப்பள்ளி, அங்கிருந்து மளுக்கப்பாறை வழியாக வால்பாறை, பொள்ளாச்சி, வீடு. காட்டுப் பகுதியில் சிக்னல் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா, அல்லது ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு திரை பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். பத்தாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயார். ஜெர்மனியில் இருக்கும் மச்சான் தன் பழைய கார்மின் கருவியைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். மகளோ “போனே போதும்ப்பா” என்கிறாள். எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. ஆனால் போன் இப்போது இருக்கிற நிலையில் போதாது. அதைத் தயார்படுத்த வேண்டும். அதற்குப் பத்தாயிரத்தில் கால் பங்குகூட ஆகாது. வரைபடத் தயாரிப்பிலும் வண்டிகளுக்கு வழிகாட்டிக் கருவி பொருத்தும் வேலையிலும் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மீதிப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பயத்தை எடுத்துக்கொள்கிறேன். “சிக்னல் கிடைக்காது” என்று சொல்கிறவர்கள் இரண்டு வேறு சிக்னல்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். செல்போன் டவர் சிக்னல் வேறு, செயற்கைக்கோள் சிக்னல் வேறு. ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை ஒலிபரப்புவதை உங்கள் போன் ஒரு வானொலிப் பெட்டியைப் போலக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், காசும் இல்லை. முதுமலைக் காட்டுக்குள் டவரே இல்லாவிட்டாலும் வானம் தெரிந்தால் போதும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று போன் சரியாகக் கண்டுபிடிக்கும். அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டுமல்ல, ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் இன்றைய போன்கள் கேட்கின்றன. நம் நாட்டு நாவிக்கைக் கேட்கிற போன்களும் உண்டு. இந்த விஷயத்தில் தனிக் கருவி எதுவும் நடுத்தர விலைப் போனைவிடப் பெரிதாகச் சாதித்துவிடாது.

அப்படியானால் காட்டுக்குள் போன் ஏன் கைவிடுகிறது? வரைபடம் அதன் கையில் இல்லாததால். கூகுள் மேப் வழக்கமாக வரைபடத்தை இணையத்திலிருந்து துண்டு துண்டாக இறக்கிக்கொண்டே வரும். இணையம் போனதும் வெறும் சாம்பல் நிறத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும். தனி ஜிபிஎஸ் கருவிக்கு இருந்த ஒரே பெரிய பலம், முழு வரைபடமும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்ததுதான். அந்தப் பலத்தை உங்கள் போனுக்கும் வீட்டு வைஃபையில் அரை மணி நேரத்தில் கொடுத்துவிடலாம்.

கூகுள் மேப்பில் ஆஃப்லைன் மேப் என்ற பகுதிக்குப் போய் ஈரோடு முதல் கோழிக்கோடு வரை, மைசூர் முதல் சாலக்குடி வரை அடங்கும்படி கட்டம் இழுத்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே கட்டத்தில் அடங்காவிட்டால் இரண்டாக இறக்குங்கள், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். புறப்படும் இடமும் சேரும் இடமும் இடையில் உள்ள சாலையும் இறக்கிய பகுதிக்குள் இருந்தால்தான் இணையமில்லாமல் வழி சொல்லும். போக்குவரத்து நெரிசலும் மாற்று வழியும் அப்போது காட்டாது. இந்த வரைபடங்களுக்குக் காலாவதி உண்டு, அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு முறை புதுப்பித்துவிடுங்கள்.

இதோடு நிறுத்தாதீர்கள். மனைவியின் போனில் ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டு, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றையும் இறக்கி வையுங்கள். அது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஓடுகிறது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து வளர்க்கும் வரைபடம் அது. இது கூகுளைவிட உயர்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு ஆட்கள் வேறு வகையில் வரைந்தது, அதுதான் காரணம். ஒரே வரைபடத்தை இரண்டு போனில் வைத்திருந்தால் இரண்டும் ஒரே தப்பைத்தான் சொல்லும். இரண்டு வேறு வரைபடங்கள் ஒரே வழியைக் காட்டினால் தைரியமாகப் போகலாம். முரண்பட்டால் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போக வேண்டிய இடம் என்று அர்த்தம். இந்தியாவில் தயாராகும் மேப்பிள்ஸும் நல்ல செயலிதான், நகரச் சந்திப்புகளைப் படமாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். ஆனால் உங்கள் பயணத்துக்கு அதை வீட்டில் திட்டம் போடும்போது பயன்படுத்துங்கள், காட்டுக்குள் மேலே சொன்ன இரண்டையும் நம்புங்கள். முடிந்தால் இரண்டு போனிலும் வேறு வேறு கம்பெனி சிம் இருக்கட்டும். மலையில் ஒன்றுக்கு டவர் இல்லாத இடத்தில் மற்றொன்றுக்கு இருக்கலாம்.

சரி, இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். எந்தக் கருவி வாங்கினாலும் இது தீராது, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். வரைபடம் சாலை இருக்கிறதா என்று சொல்லும். அந்தச் சாலையில் அந்த நேரத்தில் உங்கள் வண்டியை விடுவார்களா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் போட்டிருக்கும் திட்டம் முழுக்க அப்படிப்பட்ட சாலைகள்தான்.

மேட்டுப்பாளையத்தில் தொடங்குங்கள். ஊட்டிக்குக் குன்னூர் வழி, கோத்தகிரி வழி என்று இரண்டு மலைப்பாதை. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போலீஸார் ஒருவழிப் பாதையாக மாற்றுவது வழக்கம். போன் கோத்தகிரி வழியே ஏறச் சொன்னாலும் போலீஸ்காரர் கைகாட்டும் பக்கம் திருப்புங்கள். இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுத்தாயிற்றா? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். கிளம்பும் நாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது ஊட்டியிலிருந்து மசினகுடி. உங்கள் திட்டத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இந்தத் துண்டைப் பற்றித்தான். கல்லட்டி மலைப்பாதையை எந்தச் செயலியும் முதல் வழியாகக் காட்டும், தூரம் அவ்வளவு குறைவு. 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்தான இறக்கம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளுக்குப் பிறகு, உள்ளூர்ப் பதிவெண் இல்லாத வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. உங்கள் வண்டி ஈரோடு பதிவெண். ஆகவே கூடலூர் போய், தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாகத்தான் மசினகுடி சேர வேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். கூகுள் மேப்பில் நேரே மசினகுடி என்று போடாமல், இடையில் கூடலூரை ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிட்டால் கல்லட்டிக்கு இழுக்காது. யாராவது “ஒண்ணும் ஆகாது, போங்க” என்றாலும் அந்த இறக்கத்தில் போகாதீர்கள். வண்டியில் அம்மாவும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

கூடலூர் நகரத்துக்குள்ளும் கவனம் வேண்டும். 2024 ஜனவரியில் கூகுள் மேப் காட்டிய குறுக்கு வழியில் போன ஒரு கார் அங்கே படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்ட செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். இந்த மாதிரிக் குறுக்குச் சந்துகளுக்குள் செயலி தள்ளுவதற்கு ஒரு எளிய காரணமும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. கூகுள் மேப்பில் கார் படமும் பைக் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வாரம் முழுக்க ஸ்கூட்டரில் போகிறவர் பைக் படத்தை அழுத்தி வைத்திருப்பார், அது அப்படியே நிற்கும். காரில் ஏறியதும் அதைப் பாருங்கள். “டோல் வேண்டாம்”, “நெடுஞ்சாலை வேண்டாம்” என்ற தேர்வுகள் எப்போதோ போட்டது அணைக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மசினகுடியிலிருந்து வயநாடு போகும்போது செயலி இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். ஒன்று கூடலூர், பாட்டவயல் வழியாக சுல்தான் பத்தேரி. இன்னொன்று பந்திப்பூர் தாண்டி குண்டலுப்பேட்டை போய், முத்தங்கா வழியாக சுல்தான் பத்தேரி. இரண்டாவது நல்ல அகலமான சாலை, யானை பார்க்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அந்த வழியில், பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள் போகும் இரண்டு நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை, 2009-லிருந்து இதுதான் நிலை. மாலையில் தாமதமாகக் கிளம்பிவிட்டு, போன் காட்டுகிற நேரத்தை நம்பி செக்போஸ்ட்டுக்குப் போய் நின்றால், இரவு முழுக்க அங்கேதான்.

அதிரப்பள்ளியிலிருந்து வால்பாறை இதைவிடக் கறாரானது. வாழச்சால் செக்போஸ்ட்டில் வண்டி எண்ணைப் பதிந்து, பிளாஸ்டிக் பொருட்களைக் கணக்கெடுத்து விடுவார்கள். பகலில் மட்டுமே அனுமதி. அங்கிருந்து மளுக்கப்பாறை வரை முழுக்க அடர்ந்த காடு, கடை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, பெரும்பாலான தூரம் டவரும் இல்லை. போன் காட்டும் பயண நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் வாழச்சாலில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள், சாலக்குடியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் மறுநாள் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமிருந்தால் மூணாறும் கொடைக்கானலும் சேர்க்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் இரண்டு ஊரும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். டாப் ஸ்டேஷன் வழியாக இரண்டையும் இணைத்த பழைய மலைச்சாலை 1990-ல் மூடப்பட்டுவிட்டது, இன்று அது வனத்துறைக் காடு. சில வரைபடங்களில் அந்தத் தடம் இன்னும் கோடாகத் தெரியும். காரில் போக போடி பக்கமோ உடுமலைப்பேட்டை பக்கமோ மலையிறங்கி மறுபடி ஏற வேண்டும். ஒரு வாரத்தில் அதையும் நுழைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அறிமுகமில்லாத சாலையில் திருப்பும் முன் உள்ளூர்க்காரரிடம் கேட்கும்போது “கார் போகுமா?” என்று கேட்காதீர்கள். ஜீப் போகிற பாதைக்கும் “போகும்” என்றுதான் பதில் வரும். “இந்த ரோட்டில் பஸ் போகுமா?” என்று கேளுங்கள். பஸ் போகிற சாலையில் உங்கள் கார் போகும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கவும் இடமிருக்கும். எங்கள் துறையில் எத்தனையோ தரவுகளைச் சேர்க்கிறோம், ஆனால் மலையில் இந்த ஒரு கேள்விக்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்தில் ஏறிய கார் ஆற்றுக்குள் விழுந்து 3 பேர் இறந்தார்கள். வரைபடத்தில் அந்தப் பாலம் முழுதாகவே இருந்தது. வயநாட்டிலும் 2024 ஜூலை நிலச்சரிவுக்குப் பிறகு முண்டக்கை, சூரல்மலை பக்கம் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு போகக் கூடாது.

போனைப் பொருத்துவது பற்றிக் கொஞ்சம். கண்ணாடியில் ஒட்டும் ஹோல்டரைவிட ஏசி துவாரத்தில் மாட்டும் ஹோல்டரே நம் ஊர் வெயிலுக்கு நல்லது. கண்ணாடியை ஒட்டி வெயிலில் இருக்கும் போன் சூடேறி, திரை மங்கி, சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவிடும். ஏசிக் காற்று அதைக் குளிர்விக்கும். ஏர்பேக் விரியும் இடத்துக்கு முன்னால் எதையும் மாட்டாதீர்கள். பழைய கார்களில் இருக்கும் யுஎஸ்பி துளை பாட்டுக் கேட்பதற்காக வைத்தது, பல வண்டிகளில் அது தருவது அரை ஆம்பியர்தான். வழிகாட்டி ஓடும்போது அதைவிட வேகமாக பேட்டரி கரையும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 18 வாட்டுக்குக் குறையாத சார்ஜரும் ஒரு நல்ல கேபிளும் வாங்குங்கள். ஹோல்டரும் சார்ஜரும் சேர்த்து ஒன்றிரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

காலையில் கிளம்பும்போது, டவர் இருக்கும் இடத்திலேயே வழியைப் போட்டு ஓடவிட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஜிபிஎஸ் கோளும் தன் இருப்பிட விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை ஒலிபரப்புகிறது, எல்லாக் கோள்களின் பொது அட்டவணையும் முழுதாக வர 12.5 நிமிடம் ஆகும். இணையம் இருந்தால் போன் இதையெல்லாம் ஒரு நொடியில் வாங்கிக்கொள்ளும். நடுக்காட்டில் முதல் முறையாகத் திறந்தால் வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் போன் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அம்புக்குறி மேல் வளைவுக்கும் கீழ் வளைவுக்கும் தாவினாலும் பதற வேண்டாம். சாலைகள் சில மீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காக இருப்பதால் எந்த அடுக்கில் இருக்கிறீர்கள் என்று அது தடுமாறுகிறது, வளைவு முடிந்ததும் சரியாகிவிடும். “திரும்பிப் போ” என்று சொன்னால் அங்கேயே திருப்பிவிடாதீர்கள். குரலைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள், பின்சீட்டில் அம்மாவுக்கும் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும்.

போனைத் தொடும் வேலை உங்களுடையது அல்ல. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் முதல் இடம் இருக்கிறது. ஆனால் ஓட்டுகிறவர் ஓட்ட மட்டும் செய்வதுதான் பாதுகாப்பு. உங்கள் மகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். முந்தின இரவே ஊர் வரிசையை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: ஊட்டி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு, மசினகுடி. கூடவே தங்குமிடங்களின் போன் எண்கள். ஹோம்ஸ்டேக்களின் இருப்பிடக் குறி வரைபடத்தில் தப்பாக இருப்பது சர்வசாதாரணம், எஸ்டேட்டின் வாசலுக்குப் பதில் பின்வேலியில் கொண்டுபோய் நிறுத்தும். அவர்களையே வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி, டவர் இருக்கும்போதே அதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் விலைக்குள் வரும் திரைகளில் நினைவகம் குறைவு, மேப் திறந்தால் திணறும். ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் திணித்துவிடுவதால் இருப்பிடமும் பிசகும். இணையத்துக்குக் கடைசியில் உங்கள் போனைத்தான் நம்பி நிற்கும். பயணத்துக்கு முன் அவசரமாக வயரிங்கில் கைவைக்க வேண்டாம். லடாக் பக்கம் வாரக்கணக்கில் பைக்கில் போகிறவர், மழையிலும் தூசியிலும் அதிர்விலும் ஓட வேண்டியவர், அவருக்குத் தனிக் கருவி வாங்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம்.

மச்சானின் கார்மின் விஷயம். ஐரோப்பிய வரைபடத்தோடு வாங்கிய கருவியில் நம் ஊர்ச் சாலைகள் இருக்காது, பெரிய சாலைகள் சில வேண்டுமானால் தெரியலாம். ஆனால் பல மாடல்களில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தயாரித்த இந்திய வரைபடத்தை இலவசமாக இறக்கி, மெமரி கார்டில் போட்டு ஓட்டலாம். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மூன்றாவது துணையாக இருக்கட்டும். கிளம்புவதற்கு முன்பே மென்பொருளைப் புதுப்பித்து அனுப்பச் சொல்லுங்கள். 2019 ஏப்ரலில், ஜிபிஎஸ் தேதியைக் கணக்கிட வைத்திருக்கும் வார எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது, அதன்பின் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில தேதியைத் தப்பாகக் காட்டுகின்றன. பழைய பேட்டரி நிற்காது, அதனால் கார் சார்ஜரும் சேர்ந்து வர வேண்டும்.

ஒன்றை மட்டும் அவரிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள். கொண்டுவருவது காருக்கான சாதாரண வழிகாட்டிக் கருவியாக மட்டும் இருக்க வேண்டும். அதே கம்பெனி இன்ரீச் என்ற பெயரில், செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அவசர அழைப்பும் அனுப்பும் கருவிகளையும் விற்கிறது. ஐரோப்பாவில் மலையேறுகிறவர்கள் சகஜமாக வைத்திருப்பார்கள், நல்ல எண்ணத்தோடு அதையும் சேர்த்து எடுத்துவரக்கூடும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் இதற்காகப் பிடிபட்டிருக்கிறார்கள். பெட்டியில் வைக்கும் முன் மாடல் பெயரைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.